யாழ்ப்பாணத்தில் குத்திக்காசு: கை சொல்வதை நம்பாதீர்கள்

எண்பதுகளில் நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்களுக்குப் பழைய ஒரு ரூபாக் குத்தி (நாணயம்) ஞாபகம் இருக்கும்: வெள்ளை நிறம், 25.4 மில்லிமீற்றர் அகலம், ஏழு கிராமுக்குச் சற்று மேல். அதை நினைத்துக்கொண்டு பேர்ஸைத் துழாவாதீர்கள். 2005இல் ஒரு ரூபா 20 மில்லிமீற்றருக்கும் 3.65 கிராமுக்கும் இறங்கிவிட்டது, நிறமும் மஞ்சளாகியது.

ஐந்து ரூபா 23.5 மில்லிமீற்றர்தான், பழைய ஒரு ரூபாவை விடச் சின்னது. ஆனால் தடிப்பு. 1984இல் வந்தது 9.5 கிராம், 2005க்குப் பிறகு வந்தது 7.7 கிராம். அதிகம் ஏமாற்றுவது இரண்டு ரூபா. 28.5 மில்லிமீற்றர் அகலத்தில், 26.4 மில்லிமீற்றர் பத்து ரூபாவையும் தாண்டி நிற்கும். அகலத்தை நம்பிக் கொடுத்தால் பத்து என்று நினைத்து இரண்டைத்தான் நீட்டுவீர்கள். 2009இல் வந்த பத்து ரூபாவுக்கு விளிம்பில் 11 பக்கம் உண்டு, பெருவிரலால் தடவினாலே பிடிபடும்.

முன்பு மஞ்சள் என்றால் ஒன்று அல்லது ஐந்து, வெள்ளை என்றால் இரண்டு அல்லது பத்து என்று பிரிக்கலாம். 2017 முதல் நான்குமே துருப்பிடிக்காத உருக்கில், வெள்ளை நிறத்தில் வருகின்றன. பழையதும் புதியதும் கலந்தே புழங்குவதால் நிறத்தை விட்டுவிட்டு இலக்கத்தைப் பாருங்கள், பெரிதாகத்தான் பொறித்திருக்கிறார்கள்.

கனடாக்காரர் கவனம்: உங்கள் ஒரு டொலர்க் குத்தியும் 11 பக்கம், 26.5 மில்லிமீற்றர். இருட்டில் பத்து ரூபாவோடு மாறிவிடும், வெளிச்சத்தில் டொலரின் பொன்னிறம் காட்டிக்கொடுக்கும். ஒரு யூரோ 23.25, பிரித்தானியப் பவுண் 23.43. இரண்டும் ஐந்து ரூபாவோடு ஒட்டிய அளவு. வெளிநாட்டுக் குத்திகளை விமான நிலையத்திலேயே வேறு பையில் கட்டிவிடுங்கள். காசு மாற்றும் கடைகள் தாளைத்தான் எடுக்கும், ஆட்டோக்காரருக்கு உங்கள் யூரோக் குத்தியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நிறையையும் பாருங்கள். 2005க்குப் பிறகு, 2017க்கு முன் வந்த குத்திகளில் நூறு ரூபாவைச் சேர்த்தால், ஒரு ரூபாவாக 365 கிராம், இரண்டாக ஏறக்குறைய 350, ஐந்தாக 154, பத்தாக 84. அதனால் பஸ்ஸுக்குப் பத்தும் ஐந்தும் போதும், கூடவே 20, 50, 100 தாள்கள். ஐயாயிரம் ரூபாத் தாளை மினிபஸ்ஸில் நீட்டினால் கண்டக்டரின் முகம் மாறும். அதைப் பெரிய கடையிலோ வங்கியிலோ முதலே உடையுங்கள். மாத்தின காசு இல்லாவிட்டால் கண்டக்டர் மிச்சத்தை ரிக்கற்றின் பின்பக்கம் எழுதித் தருவதும் உண்டு. கேட்காமல் இறங்கினால் அது போனதுதான். சின்னக் கடைகளில் ஒன்று, இரண்டு ரூபா மிச்சத்துக்கு டொபி தருவார்கள், அதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் ஒரு ரூபா எதற்கு? நல்லூருக்கு. கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாதான். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் ரூபாத் தாளோடு வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். குடும்பத்தில் ஆளுக்கொரு குத்தி எடுத்துக் கையில் பொத்திக்கொண்டு போங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், அதனால் சட்டைப் பையில் காசை வைக்காமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வது நல்லது.

திரும்பும்போது குத்திகளை மிச்சம் வைக்காதீர்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ அவற்றை மாற்றுவது கஷ்டம். பயணத்துக்கு முதல்நாள் கோயில் உண்டியலிலோ பக்கத்துப் பெட்டிக்கடையிலோ கொடுத்துவிடுங்கள். சில்லறைக்குத் தட்டுப்பாடு உள்ள கடைக்காரர் எண்ணி வாங்கிக்கொண்டு தாளாகவே தருவார்.