உருண்டைத் தங்கமீன் வீட்டுக்கு வந்த முதல் நாட்கள்
புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்குப் பேருந்தில் கொண்டுவரும் ஒராண்டா, ரஞ்சு போன்ற தங்கமீன்களை உடனே தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். பையை 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, மீனை மட்டும் கிண்ணத்தால் அள்ளி விடுங்கள். வலை துடுப்பைக் கிழிக்கும், பைநீரில் கழிவும் கிருமியும் இருக்கக்கூடும். குழாய் நீரெனில் குளோரின் நீக்கி மருந்து கட்டாயம். முதல் நாள் தீனி வேண்டாம். தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் உடல் குறுகி உள்ளுறுப்புகள் நெருங்கியிருப்பதால், இம்மீன்கள் எளிதில் சமநிலை இழந்து மிதக்கும்; ஆகவே, மூழ்கும் குருணைத் தீனியை ஊறவைத்துக் கொஞ்சமாகக் கொடுப்பதே நல்லது என்பேன். பழைய மீன்களுடன் சேர்க்குமுன் 3 வாரமாவது தனித்தொட்டியில் வைத்து, தொட்டி புதிதெனில் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா சேராதபடி அடிக்கடி கால் பங்கு நீரை மாற்றுங்கள்.