ரோமில் வசந்தகால நான்கு நாள்: சாப்பாட்டை முன்னால் வைத்துத் திட்டம் போடுவது எப்படி?

ரோமுக்குப் போகும் ஜோடிகளில் பலர் முதலில் கொலோசியத்துக்கும் வத்திக்கானுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு, பசித்த இடத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பசிப்பது எப்போதும் மதியம் மூன்று மணிக்கு, ஏதாவது ஒரு பெரிய நினைவுச்சின்னத்தின் வாசலில்தான். நல்ல சமையலறைகள் மூடியிருக்கும் நேரம் அது. பக்கத்தில் திறந்திருப்பது படம் போட்ட மெனு வைத்த கடை மட்டுமே. சாப்பாட்டுப் பிரியர்கள் இருவர் போகிறார்கள் என்றால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் பருவம், பிறகு சாப்பாட்டு வேளைகள், அதன் பிறகே பார்க்கும் இடங்கள்.

லண்டன், பாரிஸ், சூரிச் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு நீண்ட வாரக்கடைசி. சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் பெரிய ஐரோப்பியப் பயணத்துக்குள் நான்கு நாளாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 1: காய்கறியைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

ரோமின் வசந்தம் என்றால் ஆர்ட்டிசோக், இதழ்கள் அடுக்கிய பூமொட்டு போன்ற காய்கறி. முள்ளில்லாத, உருண்டையான ரொமானெஸ்கோ வகை பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை கிடைக்கும். ஏப்ரல் நடுவில் பச்சைப் பட்டாணியும், நம் மொச்சையைவிடப் பெரிய ஃபாவா பயறும் வந்து சேரும். இந்த மூன்றும் சந்தையில் ஒன்றாக இருக்கும் சில வாரங்களில்தான் விஞ்ஞாரோலா கிடைக்கும். ஆர்ட்டிசோக், ஃபாவா, பட்டாணி, லெட்டூஸ் கீரை, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வதக்கி எடுக்கும் கூட்டு அது. ரோமில் ஒரே ஒரு பதார்த்தத்துக்காகத் தேதி குறிக்கலாம் என்றால் இதற்காகத்தான் குறிக்க வேண்டும்.

எனவே ஏப்ரல் 10 முதல் 24 வரை பாருங்கள். அந்த நாட்களில் பகல் 18 முதல் 20 டிகிரி, இரவு 9 டிகிரி அளவில் இருக்கும். மழை வரலாம், மடக்குக் குடை அவசியம். தவிர்க்க வேண்டியவை மூன்று. ஈஸ்டர் ஞாயிறும் அடுத்த திங்களும் (2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16) பல கடைகள் மூடியிருக்கும், திறந்தவையும் நிரம்பி வழியும். ஏப்ரல் 25 தேசிய விடுமுறை. மே 1 அன்று பேருந்துகளே குறைவு. புந்தரெல்லே என்ற கசப்புக் கீரை சாலட் வேண்டுமென்றால் மார்ச்சிலேயே போக வேண்டும். ஆனால் அப்போது விஞ்ஞாரோலா இருக்காது, ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ஃபாவா பயறைத் தொடவே கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். இத்தாலியில் சில கடை வாசல்களில் ‘இங்கே பச்சை ஃபாவா இருக்கிறது’ என்று அட்டை வைப்பது இதற்காகத்தான். உங்கள் இருவரில் யாருக்காவது இருந்தால் விஞ்ஞாரோலாவும் வேண்டாம்.

படி 2: விசா, தங்கும் இடம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஏப்ரல் பயணத்துக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

தங்குவதற்கு தெஸ்தாச்சோ பகுதியைச் சொல்வோம். 1975 வரை நகரத்தின் இறைச்சிக்கூடம் இங்கேதான் இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பங்காகக் குடல், வால், ஈரல் போன்றவை கிடைத்தன. ரோமின் தனிச் சமையல் பெருமளவு இதிலிருந்து பிறந்தது. இன்றும் நல்ல டிரட்டோரியாக்கள், அதாவது குடும்பங்கள் நடத்தும் உணவகங்கள், இங்கே நெருக்கமாக இருக்கின்றன. திராஸ்தேவரே அழகான பகுதிதான், ஆனால் இரவு இரண்டு மணி வரை தெருச் சத்தம் ஓயாது. தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி அறை மலிவாகக் கிடைக்கும், சாப்பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் பயணம் செய்ய வேண்டியிருக்கும். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு நகர வரி உண்டு. விடுதியின் தரத்தைப் பொறுத்துச் சுமார் 4 முதல் 10 யூரோ வரை, அங்கேயே கட்ட வேண்டும்.

ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து 14 யூரோ லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஏறினால் 32 நிமிடத்தில் தெர்மினிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். தெஸ்தாச்சோவுக்கு அது சுற்று வழி. 8 யூரோ எஃப்எல்1 ரயிலில் ஏறி ஒஸ்தியென்சே நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து நடந்தே போகலாம். நகர மெட்ரோவில் வங்கி அட்டையைத் தட்டி நுழையலாம். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். ஒரே அட்டையை இருவருக்கும் தட்டினால் ஒருவர் டிக்கெட் இல்லாமல் பயணிப்பதாகவே கணக்கு, பரிசோதகர் பிடித்தால் அபராதம். ஆளுக்கொரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு நாளுக்கு ஒரு பெரிய சாப்பாடு

இந்த ஒரு விதியை மீறினால் மீதித் திட்டம் முழுவதும் ஆட்டம் காணும். உட்கார்ந்து, பல சுற்றாகச் சாப்பிடும் வேளை ஒரு நாளைக்கு ஒன்று மட்டுமே. மதியமும் இரவும் டிரட்டோரியா என்று போட்டால் இரண்டாம் நாள் மாலையே வயிறு வேலைநிறுத்தம் செய்யும், மூன்றாம் நாள் நல்ல உணவை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் விழிப்பீர்கள். மற்ற வேளைக்கு நின்று சாப்பிடும் பண்டங்கள் போதும்.

ஒரு காகிதத்தில் நான்கு நாளையும் எழுதி, ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வேளையை மட்டும் முதலில் நிரப்புங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை இருப்பது மிகப் பொருத்தம். ரோமில் வியாழன் நியோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டை, வெள்ளி மீன், சனி இரைப்பைக் குழம்பு என்று பழைய வார வழக்கம் ஒன்று உண்டு. பாரம்பரியக் கடைகள் இன்றும் அதைக் கடைப்பிடிக்கின்றன.

வியாழன் வந்து சேரும் நாள். இரவு எட்டு மணிக்கு தெஸ்தாச்சோவில் நியோக்கி.

வெள்ளி மதியம் யூதர் குடியிருப்பான கெத்தோ. 1555-இல் போப் நான்காம் பவுல் யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்துவைத்த பகுதி இது. அவர்கள் வளர்த்தெடுத்த பதார்த்தம்தான் ‘கார்ச்சோஃபோ அல்லா ஜூதியா’, முழு ஆர்ட்டிசோக்கை எண்ணெயில் இருமுறை பொரித்தது. சரியாகப் பொரித்திருந்தால் இதழ்கள் பூவாக விரிந்து அப்பளமாக நொறுங்கும், நடுப்பகுதி வெண்ணெயாக இருக்கும். இலைகள் துவண்டு எண்ணெய் வடிந்தால் எண்ணெயில் சூடு போதவில்லை என்று அர்த்தம். இதை வெள்ளி மதியமே வைப்பதற்குக் காரணம் உண்டு: இங்குள்ள கோஷர் உணவகங்கள், அதாவது யூத உணவு விதிப்படி சமைப்பவை, வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை சப்பாத் என்ற ஓய்வுநாளுக்காக மூடியிருக்கும். சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்து ஏமாறுபவர்கள் அதிகம். ஏப்ரலில் பெஸாக் என்ற யூதப் பண்டிகை வரும் ஆண்டுகளில் அந்த வாரத்தில் கடை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சனி இரவு பெரிய விருந்து. விஞ்ஞாரோலா, இளம் ஆட்டிறைச்சியான அபாக்கியோ, துணிந்தால் புதினா போட்ட இரைப்பைக் குழம்பு. குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

ஞாயிறு மதியம் ரோமானியக் குடும்பங்கள் கூடி உண்ணும் வேளை. பன்னிரண்டரை மணிக்கே மேசை பதிவு செய்யுங்கள். பல கடைகளுக்கு ஞாயிறு இரவும் திங்களும் விடுமுறை.

படி 4: மேசையை எப்போது, எப்படிப் பதிவது

பேர்பெற்ற கடைகளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பதிய வேண்டும். 1961 முதல் நடக்கும் ஆர்மாண்டோ அல் பாந்தியோன் சில மேசைகளே உள்ள கடை, கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. தெஸ்தாச்சோவில் ஃபெலிச்சே, சீஸும் மிளகும் சேர்த்த காச்சோ எ பேப்பே பாஸ்தாவை மேசையிலேயே கிளறித் தருவதற்குப் பெயர்போனது. சாதாரணக் கடைகளுக்கு முதல் நாள் நேரில் போய்ச் சொன்னால் போதும்.

மதியச் சமையலறை 12:30 முதல் இரண்டரை, மூன்று வரை. இரவு ஏழரைக்குத்தான் திறக்கும், எட்டரைக்கு நிரம்பும். பதிவில்லாமல் போவதானால் திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள், ஒன்பது மணிக்கு நம்பிப் போகாதீர்கள்.

படி 5: இருவருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்

மெனுவில் அந்திபாஸ்தோ (முன்னுணவு), பிரீமோ (பாஸ்தா), செகொண்டோ (இறைச்சி அல்லது மீன்), கொண்டோர்னோ (காய்கறி) என்று நான்கு பகுதி இருக்கும். ஆளுக்கு நான்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இருவருக்கான நல்ல கணக்கு: ஒரு முன்னுணவு, இரண்டு வெவ்வேறு பாஸ்தா, ஒரு இறைச்சி, ஒரு காய்கறி. ‘தா திவீதரே’ என்றால் பகிர்ந்துகொள்ள என்று பொருள், இரண்டு தட்டு வைத்துவிடுவார்கள். பாஸ்தாவைப் பாதி சாப்பிட்டுத் தட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

பாஸ்தா தேர்வில் ஒரு சூட்சுமம். காச்சோ எ பேப்பேயும் முட்டை சேர்த்த கார்போனாராவும் ஒன்றாகச் சொல்லாதீர்கள். இரண்டுமே பெகோரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் தூக்கலானவை, நான்காவது கவளத்தில் நாக்கு சலித்துவிடும். ஒன்று சீஸ் சார்ந்ததாக இருந்தால் மற்றது தக்காளி போட்ட அமத்ரிச்சானாவாகவோ காய்கறி சார்ந்ததாகவோ இருக்கட்டும். காச்சோ எ பேப்பே வந்தவுடனே சாப்பிட வேண்டும். பாஸ்தா வெந்த நீரின் மாவுச்சத்தும் உருகிய சீஸும் சேர்ந்த குழம்பு ஆறினால் இறுகிக் கட்டியாகிவிடும். படம் எடுக்க ஒரு நொடி போதும்.

ஆர்ட்டிசோக்குடன் விலையுயர்ந்த ஒயின் வேண்டாம். அதிலுள்ள சைனரின் என்ற பொருள் அடுத்துக் குடிப்பதை, தண்ணீரைக்கூட, இனிப்பாக உணரச் செய்யும். கடையின் சொந்த ஒயின் கால் லிட்டர் போதும்.

சைவர்களுக்கு இது முக்கியம். ரோமின் நான்கு பெரிய பாஸ்தாக்களில் கிரீச்சா, கார்போனாரா, அமத்ரிச்சானா மூன்றிலும் குவான்ச்சாலே, அதாவது பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. காச்சோ எ பேப்பேயில் இறைச்சி இல்லை. ஆனால் பெகோரினோ ரோமானோ சீஸை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். சுத்த சைவர்கள் அதையும் விட்டுவிட்டுத் தக்காளிப் பாஸ்தாவைச் சீஸ் இல்லாமல் கேட்பது நல்லது. புந்தரெல்லேயில் நெத்திலி இருக்கும், சுப்லி என்ற அரிசி உருண்டைப் பொரியலில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு இருக்கும். விஞ்ஞாரோலாவிலும் சில கடைகளில் குவான்ச்சாலே போடுவார்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் ‘சென்சா குவான்ச்சாலே, சென்சா அலிச்சி’ என்று பொருளின் பெயரைச் சொல்லியே மறுங்கள். அலிச்சி என்றால் நெத்திலி. பன்றி தவிர்ப்பவர்களுக்குக் கெத்தோவின் கோஷர் கடைகள் நிம்மதி.

ரசீது தானாக வராது, ‘இல் கொந்தோ’ என்று கேட்க வேண்டும். ரொட்டிக்காகச் சில யூரோ சேர்ந்திருப்பது வழக்கம்தான். டிப்ஸ் கட்டாயமில்லை.

படி 6: நின்று சாப்பிடும் வேளைகள்

காலையில் பாரில் (இத்தாலியில் இது காபிக் கடை) நின்று காபி குடியுங்கள். அதே காபி மேசையில் உட்கார்ந்தால் இருமடங்கு விலை ஆகலாம். கூடவே மரிதோத்சோ, நடுவில் கிரீம் திணித்த இனிப்பு பன். இருவருக்கு ஒன்றே போதும்.

மதியத்துக்குச் சதுரத் துண்டாக வெட்டி எடைபோட்டுத் தரும் பீட்சா. 100 கிராமுக்கு ‘உன் எத்தோ’ என்று பெயர். இருவருக்கு 400 கிராம், நான்கு வகையாகக் கேளுங்கள். கத்தியை வைக்கும் இடத்தைக் கையால் காட்டினால் அங்கேயே வெட்டுவார்கள். சொல்லாமல் விட்டால் பெரிய துண்டுதான் வரும்.

படி 7: இப்போது பார்க்கும் இடங்கள்

சாப்பாடு நிரம்பிய காகிதத்தில் இடைவெளிகள் தெரியும். வெள்ளி காலை கொலோசியமும் ஃபோரம் என்ற பழைய நகர மையத்தின் இடிபாடுகளும், அங்கிருந்து கெத்தோவுக்கு இருபது நிமிட நடை. கொலோசிய டிக்கெட்டில் பெயர் இருக்கும், கடவுச்சீட்டை மறக்காதீர்கள். சனி காலை ஒன்பது மணிக்கு தெஸ்தாச்சோ சந்தை. ஞாயிறு அது கிடையாது. அங்கே ஆர்ட்டிசோக்கை வியாபாரிகள் கத்தியால் சீவி எலுமிச்சை நீரில் போடுவதைப் பார்க்கலாம், அங்கேயே இறைச்சி வைத்த பன் சாப்பிட்டு மதியத்தை முடிக்கலாம்.

பிறகு அவெந்தீன் குன்று. ஏப்ரல் கடைசியில் திறக்கும் நகர ரோஜாத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முன்பு அது யூதர்களின் இடுகாடு. அதை நினைவுகூர நடைபாதைகளை யூதர்களின் ஏழு கிளை விளக்கின் வடிவில் அமைத்திருக்கிறார்கள். முந்தைய நாள் கெத்தோவில் சாப்பிட்டவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். தோட்டம் திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள். திறக்காவிட்டால் மேலேயுள்ள ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறது.

வத்திக்கான் அருங்காட்சியகத்தை இந்த நான்கு நாளுக்குள் திணிக்க வேண்டாம். அரை நாளையும் கால்களையும் எடுத்துக்கொள்ளும். அது மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியும் இருக்கும்.

செலவு, அறை நீங்கலாக, இருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 முதல் 130 யூரோ: காலை 8, பீட்சா மதியம் 16, டிரட்டோரியா இரவு 75 முதல் 90, மீதி ஐஸ்கிரீமும் மெட்ரோவும். தண்ணீருக்குக் காசு வேண்டாம், தெருக் குழாய்களில் ஓடுவது குடிநீர்தான்.

படி 8: கிளம்பும் நாள்

ஞாயிறு விமானத்தை மாலை ஏழு மணிக்குப் பிறகு எடுங்கள். அன்றைய மதிய உணவு இரண்டு மணி நேரம் நீளும், அதை அவசரப்படுத்தினால் கடையில் உள்ளவர்களுக்கும் பிடிக்காது. சீஸ் வாங்குவதானால் சனி காலைச் சந்தையிலேயே வெற்றிடப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். லண்டன் திரும்புபவர்கள் மட்டும் வாங்க வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர 2025 ஏப்ரல் முதல் பிரிட்டன் தடை விதித்துள்ளது. அவர்கள் ஆலிவ் எண்ணெயும் உலர் பாஸ்தாவும் எடுத்துப் போகலாம். எண்ணெய் பெரிய பையில்தான், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோய்விடும்.