டொமைன் வாங்கி விற்பவர்களுக்குப் பொது நடத்தை விதி: எங்கே தவறுகிறோம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், வாங்கி வைத்து விற்பவர்களுக்கும் ஒரு பொது நடத்தை விதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பேச்சை எடுத்ததுமே 'அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே' என்பார்கள். முதல் தவறு அதுதான்.

அடுத்தவர் டிரேட்மார்க்கை டொமைனாகப் பதிந்தவர் மீது புகார் கொடுக்க, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் ஏற்றுக்கொண்ட யூடிஆர்பி என்ற தகராறு தீர்வு முறை இருக்கிறது. பெயர் தன் டிரேட்மார்க்கைப் போல இருக்கிறது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். சரி, செலவு? இந்தப் புகார்களை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரே நடுவர் விசாரிப்பதற்கே 1,500 டாலர் கட்டணம். ஜெயித்தால் டொமைன் வரும், நஷ்ட ஈடு வராது. கானாடுகாத்தானில் பலகாரம் செய்து விற்கும் ஒரு ஆச்சி அவ்வளவு பணம் கட்டி வழக்காட மாட்டார். பதிந்தவர் கேட்ட தொகையில் பேரம் பேசி, தன் கடைப் பெயரைத் தானே விலைக்கு வாங்குவார். சட்டம் எட்டாத இந்த இடத்துக்குத்தான் விதி தேவை.

'அவர் டிரேட்மார்க் பதியவே இல்லையே' என்பது அடுத்த தவறு. சத்யம் இன்போவே வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க்குக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்றது. பதிவு இல்லாவிட்டாலும், மக்களிடம் பெயர் எடுத்த கடையின் பெயரைப் போட்டு ஏமாற்றினால் வழக்கு நிற்கும்.

அதற்காக வெறும் தடைகளை மட்டும் எழுதி வைப்பதும் சரியில்லை. ஊர்ப்பெயரோடு ஒரு பொதுச்சொல் சேர்ந்த டொமைனை முன்கூட்டியே வாங்கி வைப்பது நேர்மையான முதலீடு. அப்படிப்பட்ட பெயரைப் பெரிய நிறுவனம் பொய்ப் புகார் கொடுத்துப் பறிக்கப் பார்ப்பதும் நடக்கிறது. யூடிஆர்பி விதிகளே அதைக் கண்டிக்கின்றன. எது தப்பு என்பதோடு எது நியாயம் என்பதையும் விதி சொல்ல வேண்டும்.

காலாவதியான டொமைன்களில்தான் மனசாட்சி அதிகம் வேலை செய்ய வேண்டும். டாட்காம் பெயரைப் புதுப்பிக்காவிட்டால் உடனே போய்விடாது. ரிஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம், அதை 45 நாள் வரை வைத்திருக்கலாம், நீக்கிய பிறகும் 30 நாள் மீட்க வழி உண்டு, அப்புறம் 5 நாள் கழித்துத்தான் யாரும் பதியலாம் என்று பொதுவில் விழும். பல ரிஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே ஏலம் விடுகிறார்கள். ஒரு கோயில் திருப்பணிக் குழுவின் டொமைனைப் பதிந்து கொடுத்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டால், நினைவூட்டல் மின்னஞ்சலை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெயரை இன்னொருவர் வாங்குவது குற்றமல்ல. வாங்கி, அந்தக் கோயில் பெயரிலேயே சூதாட்ட விளம்பரம் ஓட்டுவதையும், நன்கொடை கேட்பதையும் எந்த முதலீடாகவும் என்னால் ஏற்க முடியாது. பழைய உரிமையாளர் கேட்டு வந்தால் வாங்கின செலவுக்கே திருப்பிக் கொடுப்பது என்று விதியில் எழுத வேண்டும்.

தண்டனை இல்லாத விதியை எழுதுவதும் வீண். 2009இல் ஸ்நாப்நேம்ஸ் என்ற அமெரிக்க டொமைன் ஏல நிறுவனம், தன் ஊழியரே வேறு பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றியதை வெளியிட்டு, ஏமாந்தவர்களுக்குப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க முன்வந்தது. இன்டர்நெட் காமர்ஸ் அசோசியேஷன் என்ற டொமைன் முதலீட்டாளர் சங்கம் நடத்தை விதி வைத்திருக்கிறது, ஆனால் உறுப்பினர் ஆகாதவரை அது கட்டுப்படுத்தாது. நம் விதியை மீறியவர் பெயரை நமக்குள் வெளிப்படையாகச் சொல்லவும், அவரோடு வியாபாரத்தை நிறுத்தவும் நாம் தயாராக வேண்டும்.

போட்டியாளர்கள் எப்படிச் சேர்வது என்று தயங்க வேண்டாம். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள், அத்தனை பேரும் தனித்தனியாக லேவாதேவி செய்தவர்கள்தான். ஒன்றை மட்டும் அவர்களைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள்: டொமைன் விலையை விதியில் சேர்க்கக் கூடாது. போட்டியாளர்கள் பேசி விலை வைப்பதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. விலை அவரவர் விருப்பம். யாருடைய பெயரை விற்கிறோம் என்பதைத்தான் சேர்ந்து பேச வேண்டும்.