ஃபைபர் படகு ரிப்பேர் சொதப்பினால்: வழக்குக்கு முன் செய்ய வேண்டியவை

ஒட்டிய இடம் விட்டுப்போனால் உடனே வேறு பட்டறைக்கு இழுத்துப் போகாதீர்கள். அந்த ஒட்டுதான் சாட்சி. நாணயத்தால் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் வரும் இடத்தில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) பிடிக்கவில்லை. பழைய பரப்பைத் தேய்க்காமலோ ஈரத்தோடோ ரெசின் (ஒட்டும் பிசின்) பூசினால் இப்படித்தான் ஆகும். சாக்பீஸால் வட்டமிட்டு, தேதியோடு படமெடுத்து, வேறொரு மேஸ்திரியிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள்.

பில் இல்லையா? ஜிபே கணக்கும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. படகுதான் பிழைப்பு என்று மனுவில் கட்டாயம் எழுதுங்கள்; 'வணிக நோக்கம், அதனால் நுகர்வோர் புகார் செல்லாது' என்று சொல்லித்தான் எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.