ஸ்பானிஷில் மரியாதைக் கட்டளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரக் கடைசியில் ஏழெட்டுப் பேருக்கு ஸ்பானிஷ் அடிப்படை சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் அலுவலக வேலைக்காகப் படிக்க வருபவர்கள். போன வாரம் ஒரு பெண் பலகையில் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் வயிற்றைப் பிசைந்தது. “நோ பாகெலா.” பல வருடங்களுக்கு முன் நான் எழுதி மாட்டிக்கொண்ட அதே இரண்டு சொற்கள்.

ஆண்பால் பெண்பால் குழம்புவது, ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்னும் நோவை வினைக்குப் பின்னால் வைப்பது, இவையெல்லாம் ஒரு மாதம் பேசினால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோ வந்த பிறகும் வால் பின்னாலேயே நிற்பது

பாகே என்றால் ‘செலுத்துங்கள்’. ஃபக்தூரா, அதாவது பில், ஸ்பானிஷில் பெண்பால். அதனால் ‘அதை’ என்பதற்கு லா. செய்யச் சொல்லும் கட்டளையில் இந்த லா வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும்: பாகெலா, ‘அதைச் செலுத்துங்கள்’. செய்யாதீர்கள் என்று சொல்லும்போது ஒட்டக் கூடாது. லா கழன்று முன்னால் வந்து, நோவுக்கும் வினைக்கும் நடுவில் தனிச்சொல்லாக நிற்கும்: நோ லா பாகே, ‘அதைச் செலுத்தாதீர்கள்’.

விதி இவ்வளவுதான். ஆனால் எல்லோரும் முதலில் மனப்பாடம் செய்வது பாகெலா, தீகமே (‘என்னிடம் சொல்லுங்கள்’) போன்றவற்றைத்தான். அவை ஒரே சொல்லாக மண்டையில் பதிந்துவிடும். ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டி வந்தால், முன்னால் ஒரு நோ போட்டால் போதும் என்று கை போய்விடுகிறது. தமிழில் ‘அதை அனுப்புங்கள்’, ‘அதை அனுப்பாதீர்கள்’ இரண்டிலும் ‘அதை’ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது இடம் மாறும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

அப்போது நான் மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதும் வேலையில் இருந்தேன். ஒரு பில்லில் தொகை தவறாகப் போய்விட்டது. திருத்திய பில் மறுநாள்தான் அனுப்ப முடியும். அந்தப் பக்கம் கணக்குப் பார்த்த அம்மையார், “அப்படியென்றால் இந்தப் பில்லுக்குப் பணம் கட்ட வேண்டாமா?” என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். ‘கட்டாதீர்கள்’ என்ற நினைப்பில் “நோ பாகெலா” என்று பதில் போட்டேன். ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுபவர் அதைப் படிக்கும்போது நடுவில் ஒரு கமா விட்டுப்போனதாகத்தான் நினைப்பார். நோ, பாகெலா. ‘இல்லையில்லை, கட்டிவிடுங்கள்.’

கட்டிவிட்டார். தவறான தொகை முழுவதையும். அதைத் திருப்பி அனுப்பிக் கணக்கை நேர் செய்ய மூன்று வாரம் ஆனது, வங்கிக் கட்டணம் எங்கள் தலையில். போனில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நீங்கள்தானே கட்டச் சொன்னீர்கள்?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். என் மெயிலைத் திறந்து பார்த்தேன். அவர் கேட்டது நியாயம்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது படிப்பவர்கள் அல்ல, சொல்லித் தரும் முறை. செய்யச் சொல்லும் கட்டளையை ஒரு பாடத்தில் நடத்திவிட்டு, செய்யாதே என்பதைப் பல பாடங்கள் தள்ளி வைக்கிறார்கள். அதற்குள் பழக்கம் ஊறிவிடுகிறது. என் வகுப்பில் இரண்டையும் ஜோடியாகத்தான் சொல்ல வேண்டும்: தீகமே, நோ மே தீகா. பாகெலா, நோ லா பாகே. இரண்டு வால் இருந்தாலும் அப்படியே: த்ராய்கமெலோ, ‘அதை எனக்குக் கொண்டுவாருங்கள்’; நோ மே லோ த்ராய்கா, ‘கொண்டுவராதீர்கள்’. ‘எனக்கு’ என்னும் மே முதலில், ஆண்பால் ‘அதை’யான லோ அடுத்து என்ற வரிசை இரண்டிலும் மாறாது.

ஒரு எச்சரிக்கை. நோ கியெரோ பகார்லா, ‘அதைச் செலுத்த எனக்கு விருப்பமில்லை’ என்பதில் நோ இருந்தும் லா பின்னால் ஒட்டியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது கட்டளை இல்லை. நோ அங்கே கியெரோவைத்தான் (‘விரும்புகிறேன்’) மறுக்கிறது. இந்த வாக்கியத்தைப் பார்த்துக் கட்டளையிலும் ஒட்டலாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

உஸ்தெத் போட்டுவிட்டு மீதியை ‘நீ’ கணக்கிலேயே விடுவது

யாரிடம் தூ (‘நீ’), யாரிடம் உஸ்தெத் (மரியாதையான ‘நீங்கள்’) என்பது நீ, நீங்கள் பார்த்து வளர்ந்த நமக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் உஸ்தெத் என்பது ‘தங்கள் கருணை’ என்று பொருள்படும் வுவெஸ்த்ரா மெர்செத் தேய்ந்து வந்த சொல். எதிரில் இருப்பவரைக் குறித்தாலும் இலக்கணத்தில் அது படர்க்கை. ‘ஐயா உட்காரட்டும்’ என்கிறோமே, அந்த மாதிரி. எனவே வினை மட்டுமல்ல, அதைச் சுற்றியிருப்பதும் படர்க்கைக்குப் போக வேண்டும்.

‘உட்கார்’ என்பதற்கு சியெந்த்தாதே. இதை மரியாதையாக்குவதாக நினைத்து, வினையில் உள்ள ‘ஆ’வை ‘ஏ’ ஆக்கிவிட்டுக் கடைசித் ‘தே’யை அப்படியே விட்டால் சியெந்த்தேதே என்று வரும். அப்படியும் ஒரு சொல் இருக்கிறது, அதனால்தான் தவறு கண்ணில் படாது. ஆனால் அது வேறு வினை: ‘உணர்’. அதுவும் நீ என்ற கணக்கில். பெரியவருக்கு நாற்காலியைக் காட்டிச் சொல்ல வேண்டியது சியெந்த்தேசே. ‘உங்கள் பாஸ்போர்ட்’ என்பதும் தூ பசபோர்த்தே அல்ல, சு பசபோர்த்தே.

இன்னொன்று. உஸ்தெத் என்றாலே விலகி நிற்பது என்று எண்ண வேண்டாம். கொலம்பியாவின் பொகோத்தாவில் வீட்டுக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் உஸ்தெத் சகஜம்.

‘தாதே’ என்று கேட்டதும் ‘செய்யாதே’ என்று நினைப்பது

தமிழ்க் காதுக்கு மட்டும் வரும் சிக்கல். சியெந்த்தாதே, லெவாந்த்தாதே இரண்டும் செய்யச் சொல்பவை: ‘உட்கார்’, ‘எழுந்திரு’.

சாய்கோட்டை விடுவது

ஸ்பானிஷ் எழுத்தில் அழுத்தத்தைக் காட்ட உயிரெழுத்தின் மேல் போடும் சிறு கோடு இது. பாகேவுக்கு (pague) வேண்டாம். பாகெலாவுக்கு (páguela) முதல் அசை மேல் கட்டாயம் வேண்டும்.

லே லோ

‘அவரிடம்’ என்னும் லேயும் ‘அதை’ என்னும் லோவும் அடுத்தடுத்து வருவது கிடையாது. லே அங்கே செ ஆகிவிடும்: செ லோ. தேசெலோ, ‘அதை அவரிடம் கொடுங்கள்’. நோ செ லோ தே, ‘கொடுக்காதீர்கள்’.

இரண்டு எதிர்மறை வந்தால் தப்பு என்று பயப்படுவது

இங்கிலீஷ் வழியாகப் படித்தவர்களின் பயம் இது. நோ வீனோ நாதியே, ‘யாரும் வரவில்லை’. நோவும் எதிர்மறை, நாதியேயும் எதிர்மறை. இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. நாதியே வினைக்கு முன்னால் போனால் மட்டும் நோ விழுந்துவிடும்: நாதியே வீனோ. முன்னால் இரண்டையும் வைத்து நாதியே நோ வீனோ என்று எழுதுவதுதான் தவறு.

கட்டளையிலும் இதே கதைதான். ‘என்னிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்’ என்பது நோ மே தீகா நாதா. நாதாவிலேயே ‘ஒன்றுமில்லை’ இருக்கிறதே என்று நோவை விட்டுவிட்டு, தீகமே நாதா என்று எழுதுகிறார்கள். அது நிற்காது. அப்புறம், கடைசி நாதாவை விட்டுவிட்டு வியப்போடு நோ மே தீகா என்று மட்டும் யாராவது சொன்னால், வாயை மூடச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ‘அட, அப்படியா!’ என்கிறார்.