டிப்ஸ் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சாப்பிட்டு முடித்து பில் வந்ததும் பலருக்கு ஒரு சங்கடம் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு வைப்பது? குறைவாக வைத்தால் சர்வர் என்ன நினைப்பார்? கூட வந்தவர்கள் கவனிக்கிறார்களா? டிப்ஸ் பழக்கம் ஊறிப்போன அமெரிக்காவிலேயே இதே நிலைதான். பியூ ஆய்வு மையம் 2023-ல் அங்கு நடத்திய கருத்துக்கணிப்பில், எப்போது டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று கண்டுகொள்வது தங்களுக்கு மிக எளிது எனச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். ஆக, குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குழப்பத்தில் நாம் செய்யும் சில தவறுகளால் நஷ்டப்படுவது தட்டைத் தூக்கி வந்தவர். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

டிப்ஸை மதிப்பெண்ணாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. அதே கருத்துக்கணிப்பில் நான்கில் மூன்று பேருக்கும் மேல், எவ்வளவு கொடுப்பது என்பதைச் சேவையின் தரம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது என்றார்கள். உண்மையில் அப்படி நடப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் டிப்ஸ் பழக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்று காட்டியது. பில் எவ்வளவு, நம் வழக்கமான சதவீதம் என்ன என்பவைதான் பெரும்பாலும் தொகையை முடிவு செய்கின்றன. பில்லோடு ஒரு மிட்டாய் வைத்தால்கூட டிப்ஸ் கொஞ்சம் கூடுகிறது என்று 2002-ல் வெளியான வேறொரு ஆய்வு சொல்கிறது.

நாம் போடுவதாக நினைக்கும் மதிப்பெண் சர்வருக்குப் புரிவதே இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. குறைந்த தொகையைப் பார்க்கிறவருக்கு, உணவு தாமதமானதால் குறைத்தார்களா, இவர்கள் எப்போதுமே இவ்வளவுதான் வைப்பார்களா என்று எப்படித் தெரியும்? குறை இருந்தால் வாயைத் திறந்து சொல்வதுதான் வழி.

அதற்கு முன், குறை யாருடையது என்று பார்க்க வேண்டும். உப்பு கூடிப்போனது சமையலறையின் தவறு. உணவு தாமதமானால் அதுவும் பெரும்பாலும் சமையலறையில்தான் தொடங்கியிருக்கும். இல்லாவிட்டால், ஒருவர் தலையில் ஏழெட்டு மேசைகளைக் கட்டிவிட்ட நிர்வாகத்தின் தவறாக இருக்கும். விலை அதிகம் என்ற கோபத்தைச் சர்வர் மேல் காட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. ஆர்டரைத் தவறாக எழுதினார், கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, மரியாதை இல்லாமல் பேசினார் என்றால் அவை அவருடைய பொறுப்பு. அப்போது டிப்ஸைக் குறைப்பது உங்கள் உரிமை. ஆனாலும் ஏன் குறைத்தோம் என்பதை அவரிடமோ மேனேஜரிடமோ சொல்லிவிடுவது நல்லது. டிப்ஸை மொத்தமாகச் சேர்த்துப் பிரித்துக்கொள்ளும் உணவகங்கள் நிறைய உண்டு. அங்கே நீங்கள் குறைக்கும் பணம், மேசை துடைப்பவரின் பங்கையும் தொடும்.

அடுத்தது, டிப்ஸ் என்ற பழக்கத்தின் மேல் உள்ள கோபத்தைச் சர்வர் மேல் காட்டுவது. "முதலாளிதானே சம்பளம் கொடுக்க வேண்டும், நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது, என் கருத்தும் அதுதான். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து, பொதுவான குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் மட்டும், டிப்ஸைக் கணக்கில் சேர்க்காமலே முழுக் குறைந்தபட்சக் கூலியும் கிடைக்கும். இது மோசமான ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் டிப்ஸ் வைக்காமல் எழுந்து போனால் முதலாளிக்கு ஒன்றும் குறைவதில்லை; பில் தொகை முழுதாக அவருக்குப் போய்விட்டது.

இதை மாற்றிப் பார்க்கவும் முயன்றார்கள். நியூயார்க்கின் பிரபல உணவக உரிமையாளர் டேனி மேயர், தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்திவிட்டு அதையும் சேர்த்து விலையை உயர்த்தப் போவதாக 2015-ல் அறிவித்தார். 2020-ல் அதைக் கைவிட்டார். விலையை ஏற்றியோ சர்வீஸ் சார்ஜ் போட்டோ டிப்ஸை நீக்கிய உணவகங்களுக்கு வாடிக்கையாளர்கள் இணையத்தில் தரும் மதிப்பீடு இறங்கியதாக லின் பங்கேற்ற இன்னொரு ஆய்வு காட்டுகிறது. டிப்ஸும் பிடிக்கவில்லை, அதை விலையில் சேர்த்தாலும் பிடிக்கவில்லை என்றால் மாற்றம் எப்படி வரும்? டிப்ஸ் வாங்காத உணவகத்தைத் தேடிப் போய், அங்குள்ள விலையை முகம் சுளிக்காமல் கொடுப்பதுதான் உண்மையான எதிர்ப்பு.

பில்லைப் படிக்காமல் பணம் வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. சில இடங்களில், குறிப்பாகப் பெரிய குழுவாகப் போனால், சர்வீஸ் சார்ஜை முன்கூட்டியே சேர்த்திருப்பார்கள். கவனிக்காவிட்டால் இரண்டு தடவை கொடுப்போம். சரி, அதுதான் கொடுத்தாயிற்றே, சர்வருக்குப் போய்விடும் என்று நம்புவதும் எப்போதும் சரியாக இருக்காது. அமெரிக்காவில் கட்டாய சர்வீஸ் சார்ஜ் சட்டப்படி டிப்ஸ் ஆகாது. அது உணவகத்தின் வருமானம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டமோ, டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் பிடித்தம் இல்லாமல் ஊழியர்களுக்கே பிரித்துத் தர வேண்டும் என்கிறது. சந்தேகம் இருந்தால், "இது உங்கள் கைக்கு வருகிறதா?" என்று சர்வரிடமே மெதுவாகக் கேளுங்கள். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். அவரால் உண்மையைச் சொல்ல முடியாமல் போகலாம்.

அப்புறம் அந்தத் திரை. கார்டு தேய்த்ததும் 18, 20, 25 என்று சதவீதங்கள் வந்து நிற்கும். எதிரே ஊழியர் பார்த்துக்கொண்டிருப்பார். பதற்றத்தில் நடுவில் இருப்பதைத் தொட்டுவிட்டு, வெளியே வந்ததும் எரிச்சலடைகிறோம். வேறு தொகை போடவும், எதுவும் போடாமல் விடவும் பெரும்பாலான திரைகளில் வழி இருக்கும். ஒரு நொடி நிதானித்துத் தேடுங்கள். சில இடங்களில் சதவீதத்தை வரியையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள், அதையும் பாருங்கள். நாமே கவுண்டரில் நின்று வாங்கிப்போகும் இடத்தில், மேசைக்கு வந்து பரிமாறுபவருக்குக் கொடுக்கும் அளவு கொடுக்க வேண்டியதில்லை. திரையில் அந்த எண்களை வைத்தது அந்த ஊழியர் இல்லை. அவரை முறைக்க வேண்டாம்.

தள்ளுபடி கூப்பன் இருந்தால், டிப்ஸை முழுத் தொகைக்குக் கணக்கிடுங்கள். பரிமாறியவரின் வேலையில் தள்ளுபடி இல்லை. வேறு நாட்டுக்குப் போனால் நம் பழக்கத்தை அங்கே சுமந்து போக வேண்டாம். ஜப்பானில் மேசையில் பணம் விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடி வருவார்கள். பிரான்ஸில் பட்டியலில் உள்ள விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மேலே வைக்கும் சில்லறை உங்கள் விருப்பம்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டிப்ஸ் என் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் சிலர் அதிகாரம் செய்கிறார்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது, நக்கலாகப் பேசுவது, பெண் ஊழியரின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவது, போன் நம்பர் கேட்பது. அன்றைய வருமானம் அந்த மேசையில் இருப்பதால் அவர் சிரித்துச் சமாளிப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு. உங்கள் மேசையில் யாராவது இப்படி நடந்துகொண்டால், அவர் உங்களுக்கு விருந்து கொடுப்பவராகவே இருந்தாலும், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். சர்வரால் சொல்ல முடியாததை உங்களால் சொல்ல முடியும்.