தியானம்: முதல் பத்து நிமிடம்

தியானம் தொடங்கும் பலரும் கேட்பது இதைத்தான்: "கண்ணை மூடினாலே மனசு எங்கெங்கோ ஓடுதே, எனக்கெல்லாம் இது வருமா?" வரும். எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில், பக்கத்துச் சந்து முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உட்காருவது. ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். முட்டி வலி இருந்தால் நாற்காலி போதும், பாதம் தரையில் பதியட்டும். பத்மாசனம் கட்டாயமில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பதே 3 சூத்திரங்கள்தான். முதலாவது, "ஸ்திர சுகம் ஆசனம்". ஆடாமல், அதே சமயம் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மூச்சு. இயல்பாக விடுங்கள். வெளியே போகும் மூச்சை மட்டும் பத்து வரை எண்ணுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து. மூச்சை அடக்கிப் பார்க்காதீர்கள். அப்படி அடக்குவதைக் கும்பகம் என்பார்கள், அது ஆசிரியர் பக்கத்தில் இருந்து பழக வேண்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

நாலு எண்ணுவதற்குள் மனசு கரண்ட் பில்லுக்குப் போய்விடும். இங்கேதான் நிறையப் பேர் எழுந்துவிடுகிறார்கள். தறியில் இழை அறுந்தால் எங்கள் தெரு அண்ணன் தறியை நிறுத்துவார். குனிந்து அறுந்த நுனியைத் தேடி எடுத்து, இரண்டு விரலில் திரித்து முடிச்சுப் போடுவார். தறி மறுபடி ஓடும். ஒரு நாளில் எத்தனை தடவை அறுந்தாலும் இதேதான், முகம் சுளிக்க மாட்டார். நீங்களும் எண்ணிக்கை தவறியது தெரிந்ததும் ஒன்றுக்கு வந்துவிடுங்கள். மனசை நிலைநிறுத்த எடுக்கும் முயற்சிக்கே பதஞ்சலி அப்பியாசம் என்று பெயர் வைத்திருக்கிறார். நீண்ட காலம், விடாமல், அக்கறையோடு செய்தால் அது உறுதிப்படும் என்கிறார். முப்பது தடவை திரும்பி வந்தீர்களா? முப்பது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

தூக்கம் வந்தால் முகம் கழுவிவிட்டு உட்காருங்கள். பதஞ்சலி சொல்லும் ஐந்து சித்த விருத்திகளில், அதாவது மனசின் அசைவுகளில், தூக்கமும் ஒன்று, அது தியானம் ஆகாது. கண்ணுக்குள் ஒளி, நிறம் ஏதாவது தெரிந்தால் இருக்கட்டும், எண்ணிக்கையைத் தொடருங்கள்.

அசைவத்தை விடணுமா என்றும் கேட்பார்கள். யோகத்தின் எட்டு அங்கங்களில் முதல் அங்கம் யமம், அதாவது நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒழுக்கம், அதில் முதலாவது அகிம்சை. அதை எதில் தொடங்குவது என்பது அவரவர் முடிவு. நாக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன் நான். காலையில் கண்மூடி உட்கார்ந்துவிட்டு எட்டு மணிக்குப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தால், அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மலைக்குப் போனால்தான் அமைதி கிடைக்குமா? ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழைந்து கும்பிட்டுவிட்டு, வெளியே புல்வெளியில் உட்கார்ந்தேன். சுமார் 5,300 அடி உயரம். தறிச் சத்தம் இல்லை, காற்று மட்டும்தான். அங்கேயும் நாலாவது மூச்சில் எண்ணிக்கை நழுவியது. ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.